சி டிரைவில் என்ன இருந்தது? கோத்தகிரியில் ஒரு விண்டோஸ் மாற்றமும் கோப்பு மீட்பும்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

நீலகிரி மலையில், கோத்தகிரி பக்கம் ஒரு சிறிய டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கருமாதி அட்டை, ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் அங்கே நடக்கும். கடையை நடத்துபவர் ஐம்பதைத் தாண்டிய பெண். இங்கே அவரை உரிமையாளர் என்றே குறிப்பிடுகிறேன். தட்டச்சும் வடிவமைப்பும் பார்ப்பவர் கடை தொடங்கிய நாளிலிருந்து கூடவே இருக்கும் ஊழியர். கணினியில் ஏதாவது என்றால் இவர்கள் கூப்பிடுவது பக்கத்து ஊர் மெக்கானிக் இளைஞர் ஒருவரை. நான் குன்னூரில் கணினி பழுது பார்ப்பவன். கோப்புகள் காணாமல் போன பிறகுதான் இந்த விஷயத்துக்குள் வந்தேன். அதற்கு முன் நடந்ததை மூன்று பேரும் சொன்னதை வைத்தும், வட்டில் பதிவாகியிருந்த தேதிகளை வைத்தும் எழுதியிருக்கிறேன்.

அந்தக் கணினிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சுற்றுவட்டார ஹட்டிகளை (படுகர் ஊர்களை)ச் சேர்ந்த சிறு தேயிலை விவசாயிகள் குழு ஒன்றின் இலைக் கணக்கை உரிமையாளர்தான் பார்த்துவந்தார். யார் எந்த நாளில் எத்தனை கிலோ பச்சைத் தேயிலை போட்டார்கள், உரத்துக்கு எவ்வளவு முன்பணம் வாங்கினார்கள், வண்டிக் கூலி எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரே எக்செல் கோப்பில் இருந்தன. தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் விலையைப் போட்டால் ஒவ்வொருவருக்கும் சேர வேண்டிய தொகை வந்துவிடும். கடையின் சொந்தக் கணக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில். பத்திரிகை, நோட்டீஸ் மாதிரிகள் பெரும்பாலும் பேஜ்மேக்கரில். 2001இல் வந்த 7ஆம் பதிப்புக்குப் பிறகு அடுத்த பதிப்பே வராத மென்பொருள் அது. ஆனாலும் தமிழ்நாட்டில் எத்தனையோ கடைகள் இன்னும் அதில்தான் ஓடுகின்றன. அதைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை.

கணினி 2019இல் வாங்கியது. ஒன்பதாம் தலைமுறை ஐ3 பிராசஸர், ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். அந்த ஒரே வட்டு இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது: 200 ஜிபி சி டிரைவ், மீதி டி டிரைவ். விண்டோஸ் 10.

மாற்றத்துக்கு முடிவெடுத்த விதம்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அந்தச் சமயத்தில் திரை முழுக்க எச்சரிக்கை வந்தபடி இருந்ததால் உரிமையாளர் பயந்துவிட்டார். வாடிக்கையாளர்களின் ஆதார், வங்கி விவரமெல்லாம் இந்தக் கணினி வழியாகத்தான் போகின்றன. அதனால் அந்தப் பயம் நியாயமானதுதான். தீபாவளி வேலை முடிந்ததும் மாற்றிவிடலாம், கார்த்திகை முகூர்த்தங்களுக்கு முன்னால் வேண்டும் என்பது அவர் கணக்கு.

விண்டோஸ் 11க்கு இந்தக் கணினி தகுதியில்லை என்று மைக்ரோசாஃப்டின் சோதனைச் செயலி சொன்னது. காரணம் பிராசஸர் இல்லை. கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸில், டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி அணைந்து கிடந்தது. விண்டோஸ் 10 பழைய பயாஸ் முறையில், எம்பிஆர் என்ற பழைய பாணியில் பிரித்த வட்டில் நிறுவப்பட்டிருந்தது. இரண்டையும் சரிசெய்துவிடலாம். டிபிஎம்மை பயாஸில் இயக்கினால் போதும். எம்பிஆரை ஜிபிடி என்ற புதிய பாணிக்கு மாற்ற விண்டோஸுக்குள்ளேயே ஒரு கருவி 2017இலிருந்து இருக்கிறது; அது கோப்புகளைத் தொடாது. ஆனால் மெக்கானிக் வேறு வழியில் போனார். 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான வட்டு) ஒன்றைப் புதிதாக மாட்டி, அதில் 11ஐச் சுத்தமாக நிறுவுவது என்று முடிவானது. கணினியின் வேகம் கூடும் என்றார். கூடத்தான் செய்தது. அந்த யோசனையில் தவறில்லை.

நிறுவும் நாளில் மெக்கானிக் கேட்டிருக்கிறார்: "அக்கா, பேக்கப் எடுத்தாச்சா?"

உரிமையாளர் சொன்னது: "எல்லாம் டி டிரைவ்லதான் தம்பி இருக்கு."

ஊழியரும் ஆமாம் என்றிருக்கிறார். அவர் வரைக்கும் அது பொய் இல்லை. வாடிக்கையாளர் படங்கள், முடிந்த வேலைகளின் பிடிஎஃப்கள் எல்லாவற்றையும் அவர் டி டிரைவில்தான் ஊர் ஊராக, வருடம் வருடமாக அடுக்கி வைத்திருந்தார். மெக்கானிக்கும் அலட்சியமாக விட்டுவிடவில்லை. சி டிரைவின் டெஸ்க்டாப்பையும் டாகுமென்ட்ஸையும் டவுன்லோட்ஸையும் டி டிரைவுக்கு நகலெடுத்தார். அப்புறம் எஸ்எஸ்டியில் 11ஐ நிறுவினார். பழைய சி டிரைவை ஃபார்மட் செய்து, இ டிரைவ் என்று பெயர் கொடுத்து, "கூடுதல் இடம் இருக்கட்டும்" என்று விட்டுப் போனார்.

என்ன காணாமல் போனது

அடுத்த சில நாட்களில் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. டேலியை மறுபடி நிறுவித் திறந்தால் நிறுவனப் பட்டியல் காலி. அது பழைய டேலி இஆர்பி 9. அதன் தரவு சி டிரைவில் டேலியின் சொந்தக் கோப்புறைக்குள் இருந்திருக்கிறது. டெஸ்க்டாப்பில் இருந்தது அதைத் திறக்கும் வெறும் குறுக்குவழி (ஷார்ட்கட்). நகலெடுத்தபோது அந்தக் குறுக்குவழி மட்டும் பத்திரமாக டி டிரைவுக்குப் போயிருந்தது.

இலைக் கணக்கு எக்செல் சி டிரைவைத் திறந்ததும் முதலில் தெரியும் இடத்திலேயே ஒரு கோப்புறையில் இருந்தது. பல வருடம் முன்பு யாரோ எழுதிக்கொடுத்த மேக்ரோவில் (எக்செல்லுக்குள் தானாக ஓடும் சிறு நிரல்) அந்தப் பாதை நேரடியாக எழுதப்பட்டிருந்ததால், இடம் மாற்றினால் ஓடாது. உரிமையாளர் தினமும் அதை டெஸ்க்டாப் படத்தைச் சொடுக்கித்தான் திறப்பார். அது எங்கே இருக்கிறது என்று யோசிக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

பேஜ்மேக்கர் மாதிரிகள் போன கதை இன்னும் சிக்கல். ஊழியர் அவற்றை "பேஜ்மேக்கர் ஃபோல்டருக்குள்ளேயே" சேமிப்பதாகச் சொன்னார். ஆனால் விஸ்டா பதிப்பிலிருந்து வந்த விண்டோஸ்களில், சாதாரணப் பயனர் உரிமையில் ஓடும் பழைய மென்பொருள் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத முயன்றால் விண்டோஸ் அதை அனுமதிப்பதில்லை. மறுப்பதும் இல்லை. பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் வர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்தில் சத்தமில்லாமல் போட்டுவைக்கும். மென்பொருளுக்குள்ளிருந்து பார்த்தால் தன் கோப்புறையில் இருப்பதாகவே தெரியும். ஆப்டேட்டாவோ மறைந்திருக்கும் கோப்புறை. மெக்கானிக் புரோகிராம் ஃபைல்ஸைத் திறந்து பார்த்திருந்தால்கூட அங்கே எதுவும் இருந்திருக்காது.

கடைசியாக எழுத்துருக்கள். டி டிரைவில் பத்திரமாக இருந்த வேர்டு கோப்புகளை ஊழியர் திறந்து பார்த்து, "எல்லாமே கெட்டுப்போச்சு" என்று கை விட்டுவிட்டார். தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தது. கோப்பு கெடவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை அவை. அந்த முறையில் கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான். எழுத்துரு அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை. எழுத்துரு சி டிரைவோடு போய்விட்டதால் உள்ளே இருந்தது அப்படியே வெளியே தெரிந்தது.

முதல் முயற்சி, அதை நிறுத்தியது

தகவல் கிடைத்ததும் மெக்கானிக் உடனே வந்திருக்கிறார். ஒரு மீட்பு மென்பொருளை இறக்கி, இ டிரைவைத் துழாவவிட்டார். பழைய பெயர்கள் பட்டியலாக வந்ததைப் பார்த்து எல்லோருக்கும் நிம்மதி. மீட்டதை எங்கே சேமிக்கட்டும் என்று மென்பொருள் கேட்டபோது, இடம் நிறைய இருப்பது இ டிரைவில்தான் என்று அதையே தேர்ந்தெடுக்கப் போனார். அந்த நேரத்தில்தான் உரிமையாளர், தெரிந்தவர் ஒருவர் சொல்லி, எனக்குப் போன் செய்தார்.

"அதை நிறுத்திட்டு கம்ப்யூட்டரை அணைச்சிடுங்க அக்கா. நான் வர்ற வரைக்கும் யாரும் போட வேண்டாம்" என்றேன். கடையில் ஆர்டர் குவிந்துகிடந்த நேரம். ஆனாலும் அவர் உடனே அணைத்துவிட்டார். பின்னால் மீண்டதில் பெரும்பகுதி இந்த ஒரு செயலால்தான் மீண்டது என்பது என் கணிப்பு.

ஆனால் அதற்குள் வேறொன்று நடந்துவிட்டிருந்தது. ஆல்பம் போடக் கொடுத்த ஒரு கல்யாணத்தின் படங்களையும் வீடியோவையும், ஏறத்தாழ 40 ஜிபி, ஊழியர் இ டிரைவில் ஏற்றியிருந்தார். காலியாகக் கிடந்த டிரைவ், அவருக்கு வேறு எப்படித் தோன்றும்?

வட்டின் நிலை

ஹார்ட் டிஸ்கைக் கழற்றி என் மேசைக்குக் கொண்டுவந்தேன். இங்கே மூன்று விஷயங்கள் நமக்குச் சாதகமாக இருந்தன.

ஒன்று, ஃபார்மட் செய்யப்பட்டது எஸ்எஸ்டி இல்லை, சுழலும் வட்டு. எஸ்எஸ்டியை ஃபார்மட் செய்தால், இந்தந்தப் பகுதி இனி வேண்டாம் என்று விண்டோஸ் டிரிம் கட்டளை மூலம் அதற்குச் சொல்லிவிடும். பிறகு எஸ்எஸ்டியே அவற்றை உள்ளுக்குள் துடைத்துவிடும். அதன் பிறகு எந்த மென்பொருளாலும் பயனில்லை. சாதாரண ஹார்ட் டிஸ்கில், வேறொன்று மேலே எழுதப்படும் வரை பழையது அங்கேயே கிடக்கும்.

இரண்டு, மெக்கானிக் செய்தது விரைவு ஃபார்மட். ஃபார்மட் பெட்டியில் ‘குயிக் ஃபார்மட்’ என்பதன் டிக் குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்திருந்தால், விஸ்டா முதலான விண்டோஸ்கள் டிரைவ் முழுக்கப் பூச்சியத்தை எழுதிவிடும். கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மூன்று, விண்டோஸ் வட்டுகளில் உள்ள என்டிஎஃப்எஸ் கோப்பு முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் எம்எஃப்டி என்ற மைய அட்டவணையில் ஒரு கிலோபைட் அளவில் ஒரு பதிவு உண்டு. பெயர், தேதி, எந்தக் கோப்புறை, உள்ளடக்கம் வட்டில் எங்கெங்கே கிடக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். விரைவு ஃபார்மட் புதிய அட்டவணையைத் தொடங்கும்போது பழையதன் தலைப்பகுதி மட்டுமே அழியும். பின்னால் இருக்கும் பதிவுகள், புதுக் கோப்புகள் சேரச் சேரத்தான் ஒவ்வொன்றாக மேலெழுதப்படும். கல்யாண ஆல்பத்தில் இருந்தவை சில நூறு கோப்புகள். விண்டோஸ் ஓடிய சி டிரைவின் அட்டவணையிலோ லட்சக்கணக்கில் பதிவுகள் இருக்கும். ஆகவே பெயர்களும் கோப்புறை அமைப்பும் பெரும்பாலும் தப்பியிருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

பாதகம் அந்த 40 ஜிபிதான். 200 ஜிபி டிரைவில் அது எந்தப் பழைய கோப்பின் மேல் உட்கார்ந்தது என்பது திறந்து பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது. வட்டின் ஆரோக்கிய அறிக்கையிலும் படிக்கத் தடுமாறும் செக்டர்கள் (வட்டின் சிறு துண்டுகள்) சில இருப்பதாகக் காட்டியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பெரிய நகர மீட்பு ஆய்வகத்துக்கு அனுப்பலாமா என்பது முதல் கேள்வி. வட்டு விழவில்லை, சத்தம் போடவில்லை, கணினிக்கு அடையாளம் தெரிந்தது. வட்டைப் படிக்கும் தலையோ மோட்டாரோ போனால்தான் தூசியில்லாத அறையும் அதற்கான செலவும் தேவை. இங்கே தேவையில்லை என்று முடிவு செய்தோம். சத்தம் கேட்டிருந்தால் நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

அடுத்தது, அசல் வட்டில் நேரடியாகத் தேடக் கூடாது என்பது. முழு வட்டையும் ஒரு பிம்பக் கோப்பாக, அதாவது காலி இடம் உட்பட அப்படியே நகலெடுத்த ஒரே கோப்பாக, 2 டிபி வெளி வட்டுக்கு எடுத்து, தேடலை அந்தப் பிம்பத்தில் மட்டும் நடத்துவது என்று வைத்துக்கொண்டேன். தேடும்போது ஏதாவது தவறினாலும் அசல் அப்படியே இருக்கும். தடுமாறும் செக்டர்கள் உள்ள வட்டை ஐந்தாறு மென்பொருள்களால் திரும்பத் திரும்பத் துழாவினால், துழாவும் வேலையிலேயே அது இறந்துபோகக்கூடும்.

பிம்பம் எடுக்க லினக்ஸில் ஓடும் குனு டிடிரெஸ்க்யூவைப் பயன்படுத்தினேன். எளிதாகப் படிக்க வரும் பகுதிகளை முதலில் வாரி எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும் கருவி இது. எதுவரை படித்தோம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிவைத்துக்கொள்ளும். மலையில் இது சாதாரண வசதி இல்லை. வடகிழக்குப் பருவமழை நேரம். எங்காவது கம்பியில் மரம் சாய்ந்தால் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ் தாங்கும் வரை ஓட்டி, நிறுத்தி, மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. முடிவில் படிக்க முடியாமல் போனது மிகச் சிறிய பகுதி. அதுவும் டி டிரைவின் காலி இடத்தில்.

பிம்பம் ஓடிக்கொண்டிருந்தபோது உரிமையாளரை உட்காரவைத்து ஒரு தாளில் எழுதச் சொன்னேன்: எது இல்லாவிட்டால் நாளைக்கே கடை நிற்கும், எது அடுத்த வாரம், எது எப்போது வந்தாலும் சரி. முதலில் இலைக் கணக்கு. மாதம் முடிந்து பட்டுவாடா நெருங்கிக்கொண்டிருந்தது, உர முன்பணம் எவ்வளவு நிற்கிறது என்பது அதில்தான் இருந்தது. இரண்டாவது டேலி, 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கணக்குக் கொடுக்க. மூன்றாவது எழுத்துருக்கள். நான்காவது பத்திரிகை மாதிரிகள், குறிப்பாக ஆண்டுதோறும் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு அடிக்கும் நோட்டீஸ்கள். குடும்பப் படங்களைப் பற்றிக் கேட்டேன். "அது போன்ல இருக்கு தம்பி, விடுங்க" என்றார். மீட்பு வேலையில் கைக்குக் கிடைத்ததை எல்லாம் அள்ளிக்கொண்டிருந்தால் நாள் போவதே தெரியாது. அந்தத் தாள்தான் என்னை ஒழுங்காக வைத்தது.

மீட்டபோது கண்டவை

எம்எஃப்டி பதிவுகளைத் தேடித் தொகுக்கும் டிஎம்டிஇ என்ற மென்பொருளால் பிம்பத்தைத் துழாவினேன். எதிர்பார்த்தபடி பழைய சி டிரைவின் கோப்புறை மரம் பெரும்பகுதி பெயரோடு வந்தது. எழுத்துருக்கள் முதலில் கிடைத்தன; விண்டோஸின் எழுத்துருக் கோப்புறை ஏறக்குறைய முழுதாக இருந்தது. அவற்றைப் புதிய கணினியில் நிறுவியதும், ஊழியர் "கெட்டுப்போச்சு" என்ற டி டிரைவ் கோப்புகள் அனைத்தும் தமிழாகத் திறந்தன. அவர் முகத்தில் அன்றைக்குத்தான் ரத்தம் ஓடியது.

டேலி தரவு ஐந்து இலக்க எண் பெயரிட்ட கோப்புறையில் இருந்தது. அதில் ஒரு கோப்பு குறைந்தாலும் மொத்தமும் திறக்காமல் போகலாம் என்பதால், கோப்புறையைப் பிரிக்காமல் அப்படியே எடுத்தேன். முதலில் பிழை காட்டியது. நகலில், டேலியின் சொந்தப் பழுது நீக்கும் வசதியான ரீரைட் ஓட்டியதும் திறந்தது. திறந்தது என்பதற்காக நம்பிவிடவில்லை. கடையின் கணக்கர் கடைசியாகத் தாக்கல் செய்த ஜிஎஸ்டி விவரத்தோடு விற்பனைத் தொகைகளை ஒப்பிட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் பட்டியலில் டிக் போட்டேன்.

வர்ச்சுவல்ஸ்டோருக்குள் பேஜ்மேக்கர் மாதிரிகள் கிடைத்தன, சிலவற்றைத் தவிர. ஹெத்தையம்மன் நோட்டீஸ்களில் சமீபத்தியவை தப்பின. இதில் ஒரு எதிர்பாராத தொல்லை: பேஜ்மேக்கரை மறுபடி நிறுவ வேண்டிய சிடியில் பூஞ்சை. மலையில் ஈரத்தில் வைத்த சிடிகளுக்கு இது நடப்பதுதான். நிறுவல் கோப்பின் நகல் மெக்கானிக் எடுத்துவைத்த டவுன்லோட்ஸுக்குள் இருந்ததால் பிழைத்தோம்.

இலைக் கணக்குக்கு வருகிறேன். பட்டியலில் முதலில் இருந்தது அது. அதிகம் அடி வாங்கியதும் அதுதான். கோப்பின் பெயர் வந்தது, தேதி சரி, அளவும் சரி. எக்செல் திறக்க மறுத்தது. உள்ளே பார்த்தால் கல்யாண வீட்டுப் படம் ஒன்றின் துண்டு. அட்டவணைப் பதிவு தப்பித்து உள்ளடக்கம் மேலெழுதப்பட்டால் இப்படித்தான் இருக்கும். மீட்பு மென்பொருள்கள் பட்டியலில் பச்சை நிறம் காட்டுவதை நம்பி, "கிடைச்சிடுச்சு" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்து ஃபோட்டோரெக் ஓட்டினேன். இது பெயர் அட்டவணையைப் பார்க்காது. கோப்பு வகைகளின் தொடக்க அடையாளத்தைத் தேடி உள்ளடக்கத்தை நேரடியாக அறுத்தெடுக்கும். எனவே வருவதெல்லாம் பெயரில்லாமல் எண்களோடு வரும். எக்செல் வகையை மட்டும் தேர்ந்தெடுத்து, வந்தவற்றில் குழு உறுப்பினர் ஒருவரின் பெயரைத் தேடினோம். செப்டம்பர் வரையான கணக்கு உள்ள ஒரு பழைய பிரதி, பிழையில்லாமல், கிடைத்தது. எக்செல் தானாகச் சேமித்ததா, உரிமையாளர் எப்போதோ வேறு பெயரில் சேமித்ததா என்பதைச் சொல்ல முடியவில்லை.

அக்டோபரும் நவம்பரும் வட்டில் இல்லை என்பதை அந்த இடத்தில் ஒத்துக்கொண்டோம். மேலும் தோண்டுவதற்குப் பதிலாக, கோப்பு ஏற்கெனவே வெளியே போயிருக்கக்கூடிய இடங்களைத் தேடச் சொன்னேன். அக்டோபர் மாதச் சுருக்கத்தை உரிமையாளர் பிடிஎஃப் ஆக்கிக் குழுவின் வாட்ஸாப்பில் போட்டிருந்தார். அது கிடைத்தது. நவம்பருக்கு உறுப்பினர்களின் எடைச் சீட்டுகளே துணை. சீட்டைத் தொலைத்தவர்களுக்கும் மழையில் நனைத்தவர்களுக்கும் இலை ஏஜென்ட்டின் கார்பன் பிரதியிலிருந்து எடுத்தார்கள். உரிமையாளரும் ஊழியரும் சேர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் அடித்து முடித்தார்கள். பட்டுவாடா தாமதமானது. உர முன்பணம் ஒன்றில் ஒரு விவசாயிக்கும் குழுவுக்கும் கணக்கு ஒத்துவராமல், அவர் சொன்ன தொகையையே எழுதிக்கொண்டார்கள்.

மீளாதவை: சில பத்திரிகை மாதிரிகள், மேக்ரோவின் கடைசித் திருத்தங்கள், பிரவுசரில் சேமித்திருந்த கடவுச்சொற்கள்.

பக்கத்தில் கண்ட ஒரு ஆபத்து

கணினியைத் திரும்ப ஒப்படைக்கும்போது புதிய எஸ்எஸ்டியைப் பார்த்தேன். பூட்டுக் குறி இருந்தது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைச் சுத்தமாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தால், வசதியுள்ள கணினிகளில் வட்டைத் தானாகவே மறையாக்கம் செய்துவிடுகிறது. அதைத் திறக்கும் மீட்புச் சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று மெக்கானிக் நிறுவியது தன் சொந்த மின்னஞ்சலில். அதாவது கடையின் வட்டைத் திறக்கும் சாவி கடைக்காரரிடம் இல்லை. நாளைக்கு மதர்போர்டு மாற்ற நேர்ந்தாலோ, பயாஸில் ஏதாவது கைவைத்தாலோ 48 இலக்க எண் கேட்டு நிற்கும். அந்த இளைஞர் போனை மாற்றியிருந்தாலும் ஊரை மாற்றியிருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? அவரையே வரவழைத்து, உரிமையாளரின் பெயரில் கணக்குத் திறந்து, சாவியைத் தாளில் அச்சடித்து வீட்டுப் பத்திரங்களோடு வைக்கச் சொன்னோம். "இது எனக்குத் தெரியாதுண்ணா" என்றார் மெக்கானிக். இந்தப் பழக்கம் அவரோடு நிற்பதில்லை. இந்தப் பக்கம் நான் பார்க்கும் கணினிகளில் இது அடிக்கடி தென்படுகிறது.

என்ன மாறியிருக்க வேண்டும்

இந்த வழக்கில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்றே ஒன்று. பழைய சி டிரைவை ஃபார்மட் செய்ய வேண்டிய தேவையே இருக்கவில்லை. விண்டோஸ் 11 புதிய எஸ்எஸ்டியில் நிறுவப்பட்டது. பழைய வட்டின் கேபிளைக் கழற்றி, எஸ்எஸ்டியில் மட்டும் நிறுவி, வட்டை இரண்டு மூன்று மாதம் அலமாரியில் வைத்திருந்தால் காணாமல் போன ஒவ்வொன்றையும் அன்றன்றைக்கே எடுத்திருக்கலாம். டி டிரைவில் உள்ளதை ஒரு வெளி வட்டுக்கு நகலெடுத்து வேலையைத் தொடர்ந்திருக்கலாம். செலவு ஒரு வெளி வட்டு. எந்த மென்பொருளும் வேண்டாம், எந்தத் திறமையும் வேண்டாம். பழைய சி டிரைவிலேயே, ஃபார்மட் செய்யாமல், 11ஐப் புதிதாக நிறுவியிருந்தாலும் பழைய கோப்புகளை எடுத்துவைக்கும் விண்டோஸ்.ஓல்டு கோப்புறை இருந்திருக்கும். அது பத்து நாளில் தானாக அழிந்துவிடும். டேலி காலி என்று தெரிய அதற்குள் நேரம் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் ஹெத்தையம்மன் நோட்டீஸுக்கு இருந்திருக்காது.

அவசரமும் இருக்கவில்லை. தனிநபர் கணினிகளுக்கு விண்டோஸ் 10இன் பாதுகாப்பு இற்றைகளை 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கும் வழியை மைக்ரோசாஃப்ட் கொடுத்திருந்தது. மார்கழியில் முகூர்த்தம் இல்லை. கடையில் கூட்டம் குறையும். அதுவரை தள்ளிப்போட்டிருக்கலாம்.

டி டிரைவைப் பற்றி: அது அதே வட்டின் இன்னொரு பகுதி. வட்டு போனால் இரண்டும் சேர்ந்து போகும். மெக்கானிக் சியிலிருந்து டிக்கு எடுத்த நகலும் அதே வட்டில்தான் கிடந்தது. மலையில் எத்தனை வீட்டில், எத்தனை கடையில் இதை நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் கவலையாகத்தான் இருக்கிறது.

பேக்கப் எடுத்தாச்சா என்ற கேள்விக்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, கணினியைப் பயன்படுத்துபவர் பக்கத்தில் உட்கார்ந்து, "காலையில வந்ததும் முதல்ல எதைத் திறப்பீங்க? மாசக் கடைசியில எதை? வருஷத்துக்கு ஒரு தடவை எதை?" என்று கேட்டு, அவர் திறக்கும் ஒவ்வொன்றும் எங்கே சேமிக்கிறது என்று அந்த நிரலுக்குள்ளேயே பார்த்து எழுதிக்கொள்வது அரை மணி நேர வேலை. நான் இப்போது அப்படித்தான் கேட்கிறேன். டேலி, பழைய வடிவமைப்பு மென்பொருள், மேக்ரோ எக்செல், அவுட்லுக் அஞ்சல் கோப்பு, எழுத்துருக் கோப்புறை ஆகிய ஐந்தும் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ் நகலில் சிக்காமல் நழுவும் வழக்கமான ஆட்கள். எடுத்த நகலை வேறொரு கணினியில் திறந்து பார்க்காமல் பழையதைத் தொடவும் கூடாது.

தற்போதைய நிலை

கடையில் இப்போது இரண்டு வெளி வட்டுகள் மாறி மாறிப் பயன்படுகின்றன. ஒன்று கடையில் இருக்கும்போது மற்றது உரிமையாளரின் ஹட்டி வீட்டில், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு இருக்கும். சனிக்கிழமை கடை சாத்தும்போது மாற்றிக்கொள்கிறார்கள். இலைக் கணக்கு சிறிய கோப்பு என்பதால் கூகுள் டிரைவுக்கும் போகிறது. மழை நாளில் நெட் இழுக்காவிட்டால் அடுத்த நாள் போகும். மேக்ரோவின் பாதையை மாற்றி, கோப்பை டாகுமென்ட்ஸுக்குள் கொண்டுவந்துவிட்டோம். எழுத்துருக்களும் நிறுவல் கோப்புகளும் ஒரு கோப்புறையாக இரண்டு வெளி வட்டுகளிலும் உள்ளன. புதிய வேலைகளை, பழைய எழுத்துரு இல்லாவிட்டாலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் அடிக்க ஊழியர் பழகிவருகிறார். பேஜ்மேக்கரை விட மனமில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

கடையில் இரண்டாவது கணினி ஒன்று உண்டு, ஜெராக்ஸ் பக்கம். நான்காம் தலைமுறை பிராசஸர் என்பதால் 11 ஏறாது. அதை ஓராண்டு நீட்டிப்பில் பதிவு செய்திருக்கிறோம். 2026 அக்டோபருக்கு முன் புதிது வாங்கும்போது, இதன் வட்டைக் கழற்றி, மேலே தேதி எழுதி, அதே டப்பாவுக்குள் வைப்பதாக ஏற்பாடு. அந்த வேலையையும் அதே மெக்கானிக் இளைஞரிடம்தான் கொடுத்திருக்கிறார் உரிமையாளர்.